பெட்டிக்குள் பத்து ராகங்கள்!

மாலை 6 மணி. டோல்கேட் சந்திப்பு.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. தலைக்கு மேலே மெட்ரோ ரெயில் ஓடுகிறது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், மீன் கூடையோடு திரும்புகிறவர்கள், டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள் என்று ஒரே இரைச்சல்.

இத்தனை சத்தத்துக்கும் நடுவே ஒரு சத்தம் தனியாகக் கேட்கிறது.

"டும்... டும்... டும்... டும்..."

குறுக்குச் சந்தில் ஒரு மாடி வீடு. உள்ளே ஒரு வாலிபன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் கட்டிலில் தாத்தா.

"இன்னாடா இது? காலைல இருந்து டும்மு டும்முன்னு மண்டைய இடிக்குது!"

"பாட்டு, தாத்தா."

"பாட்டா? பாடறவன் எங்கே? வாசிக்கிறவன் எங்கே? ஒருத்தனையும் காணோமே!"

"நான்தான் தாத்தா வாசிக்கிறேன். பெட்டிக்குச் சொல்லிக் குடுத்தா, அது வாசிக்குது."

"பெட்டி வாசிச்சா அது சங்கீதமாடா?"

டோல்கேட்டில் மட்டுமல்ல, தண்டையார்பேட்டையில், காலடிப்பேட்டையில், எண்ணூரில், இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கக்கூடிய பேச்சு இது. தாத்தாவின் கேள்வி லேசான கேள்வி அல்ல. படித்தவர்களும் வித்துவான்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு 1982-ம் ஆண்டிலேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். அவர் பம்பாய்க்காரர். பெயர் சரண்ஜித் சிங். பதிலை வாயால் சொல்லவில்லை. ஓர் இசைத்தட்டாகவே கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் பதில் சொன்னபோது கேட்க ஆள் இல்லை!

பின்னால் நின்றவர்

சரண்ஜித் சிங் 1940-ல் பிறந்தவர். இந்தி சினிமாவில் வாத்தியக்காரர். ஆர்.டி.பர்மன் போன்ற பெரிய இசை அமைப்பாளர்களின் வாத்தியக் குழுக்களில் கிடாரும் மற்ற வாத்தியங்களும் வாசித்தவர்.

சினிமா வாத்தியக்காரர் பிழைப்பு எப்படிப்பட்டது என்பது கோடம்பாக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும். பாடியவர் பெயர் தெரியும். இசை அமைத்தவர் பெயர் தெரியும். அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்த கிடார்க்காரர் யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

சரண்ஜித் சிங்கும் அப்படித்தான் இருந்தார். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்துத் தட்டுகள் வெளியிட்டதும் உண்டு. ஆனால் அவை மற்றவர்களின் மெட்டுகள். சொந்த யோசனையில் ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது.

அந்தக் காலத்தில் இந்தி சினிமாவில் டிஸ்கோ மோகம் பிடித்து ஆட்டியது. எந்தப் படத்தை எடுத்தாலும் டிஸ்கோ பாட்டு! "எல்லாரும் டிஸ்கோ என்கிறார்களே, அந்தத் தாளத்தில் ராகத்தை வைத்தால் என்ன? தபலாவுக்கு ஓய்வு கொடுத்தால் என்ன?" என்று அவர் நினைத்தார்.

நினைத்தார், செய்தும் காட்டினார். தட்டின் பெயர் "சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்". டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்று பொருள். கிராமபோன் கம்பெனி அதை வெளியிட்டது.

மூன்று பெட்டிகள்

அந்தத் தட்டில் தபலா இல்லை, மிருதங்கம் இல்லை. சிதார் இல்லை, வீணை இல்லை. மூன்றே மூன்று பெட்டிகள்தான்!

மூன்றும் ஜப்பானில் ரோலண்டு கம்பெனி செய்தவை. சிங்கப்பூரில் வாங்கி வந்தார். பர்மா பஜாரில் டேப்ரிக்கார்டர் வாங்க அலைந்த சென்னைவாசிகளுக்கு, அந்த நாளில் "சிங்கப்பூர் சாமான்" என்றால் என்ன மதிப்பு என்று சொல்லத் தேவை இல்லை.

முதல் பெட்டி, 808 என்ற தாளப் பெட்டி. 1980-ல் வந்தது. எந்த இடத்தில் அடி விழ வேண்டும் என்று பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டால் போதும். சோர்வு இல்லாமல், தேநீர் கேட்காமல், தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, 303 என்ற சின்னப் பெட்டி. அளவில் ஒரு நோட்டுப் புத்தகம் போலத்தான் இருக்கும். கிடார் வாசிப்பவர் வீட்டில் தனியாகப் பழகும்போது, கீழ்ச் சுருதியில் துணை வாசிக்க ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆளுக்குப் பதிலாக இந்தப் பெட்டி! இதை வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ என்ற ஜப்பானிய என்ஜினீயர்.

மூன்றாவது, ஜுபிடர்-8. இது கையால் வாசிக்கும் கட்டைகள் உள்ள சிந்தசைசர். ராகம் பிறந்தது இதில்தான்.

ஆக, இரண்டு பெட்டிகள் தாமாக ஓடின. மூன்றாவதை மனிதர் வாசித்தார். தாத்தா கேட்ட "வாசிக்கிறவன் எங்கே?" என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. வாசிக்கிறவர் ஓடிப்போகவில்லை. இரண்டு கூலியாட்களை வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார்!

வழுக்கி விழும் சுரம்

இதில் ஒரு நுட்பம் உண்டு. சங்கீதம் தெரிந்தவர்கள் சற்று கவனித்துப் பார்க்க வேண்டும்.

பியானோ போன்ற கட்டை வாத்தியங்களில் நம் சங்கீதத்தை வாசித்தால் ஏன் ருசிப்பதில்லை? சுரங்கள் படிக்கட்டு மாதிரி தனித் தனியாக நிற்கின்றன. "ச" என்றால் "ச", "ரி" என்றால் "ரி". இரண்டுக்கும் நடுவே இருக்கும் குழைவு இல்லை. அந்தக் குழைவுதான் கமகம். வடக்கத்தியார் "மீண்டு" என்பார்கள்.

303 பெட்டியில் ஒரு வசதி இருந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல், வழுக்கிக்கொண்டு போகும்படி செய்யலாம். குறிப்பிட்ட சுரத்தை மட்டும் அழுத்திச் சொல்லும்படியும் செய்யலாம். ஜப்பான்காரர் இதை ராகத்துக்காக வைக்கவில்லை. ஆனால் ராகம் தெரிந்த கைக்கு அது எப்படிப்பட்ட விருந்து!

சரண்ஜித் சிங் அந்த விருந்தைச் சாப்பிட்டார். கீழே வழுக்கி வழுக்கி ஓடும் சுரம். மேலே பறந்து பறந்து வரும் ராகம். நடுவே விடாத டும் டும். பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 நிமிடம்.

ராகங்களின் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். பூபாளி என்றால் நம் மோகனம். (பூபாளம் என்று எண்ணிவிடக் கூடாது!) மால்கவுன்ஸ் என்றால் இந்தோளம். யமன் என்றால் கல்யாணி. பைராகி என்றால் ரேவதி. கலாவதி கிட்டத்தட்ட நம் வலஜி. அவர்கள் தோடி நம் தோடி அல்ல. அதன் சுரங்கள் நம் சுபபந்துவராளிக்கு உரியவை. இன்னும் பைரவி, லலித், மதுவந்தி, மேக மல்ஹார்.

தெருக்கோடிக் கோயில் நாதசுரத்தில் மோகனமும் கல்யாணியும் கேட்டு வளர்ந்தவர்கள் டோல்கேட்டில் நிறையப் பேர். அவர்கள் இந்தத் தட்டைக் கேட்டால், முதல் நிமிடம் முகம் சுளிப்பார்கள். இரண்டாம் நிமிடம் தலை ஆடும்.

தட்டில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. விஸ்தாரமான ஆலாபனைக்கு இடம் இல்லை. 5 நிமிடத்தில் எவ்வளவு செய்ய முடியும்? தாளம் ஒரே சீராக அடித்துக்கொண்டே போகிறது. அதிகாலை ராகத்துக்கும் அந்த அடிதான். மழை ராகத்துக்கும் அந்த அடிதான். பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் சற்று அலுப்புத் தட்டும். ஆனாலும் ராகத்தை அவர் ஏமாற்றவில்லை. டிஸ்கோவுக்காக ஒரு சுரத்தையும் மாற்றி வைக்கவில்லை. அதுதான் பெரிய காரியம்.

கேட்பார் இல்லை!

தட்டு வெளிவந்தது. ஊர் திரும்பிப் பார்க்கவில்லை.

சங்கீத ரசிகர்களுக்கு அது டிஸ்கோவாகத் தெரிந்தது. டிஸ்கோ ரசிகர்களுக்கு அது சங்கீதமாகத் தெரிந்தது. இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்காத விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது!

சரண்ஜித் சிங் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. வழக்கம்போல் வாசிப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆண்டுகள் ஓடின.

அந்த ஜப்பான் பெட்டியின் கதையும் அதே கதைதான். 303-ஐ யாரும் வாங்கவில்லை. "இது கிடார் மாதிரியே இல்லையே!" என்று கடைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். 1984-ல் கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. மிச்சம் இருந்தவை பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

திராவகச் சங்கீதம்

பழைய சாமான் கடையில்தான் அடுத்த காட்சி!

அமெரிக்காவில் சிக்காகோ நகரம். கறுப்பு இன வாலிபர்கள் சிலர். கையில் அதிகக் காசு இல்லை. மலிவாகக் கிடைத்த 303 பெட்டியை வாங்கி, அதன் திருகுகளைக் கண்டபடி திருப்பிப் பார்த்தார்கள். கிடார் மாதிரி ஒலிக்க வேண்டிய பெட்டி, வேறு எதுவோ மாதிரி ஒலித்தது. கீச்சென்றது, முனகியது, குழைந்தது.

"இதுதான் வேண்டும்!" என்றார்கள்.

அவர்கள் குழுவின் பெயர் ப்யூச்சர். 1987-ல் அவர்கள் வெளியிட்ட தட்டு "ஆசிட் டிராக்ஸ்". அந்தச் சத்தத்துக்கு "ஆசிட் ஹவுஸ்" என்று பெயர் வந்தது. ஆசிட் என்றால் திராவகம். பெயர் பயமுறுத்துகிறது, சங்கீதம் அப்படிக் கொடூரமானது அல்ல. கிளப்புகளில் விடிய விடிய ஆடுவதற்காக ஏற்பட்ட நடன சங்கீதம். சிக்காகோவிலிருந்து லண்டனுக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுவதும் பரவியது. பழைய சாமான் கடையில் கிடந்த பெட்டியின் விலை தாறுமாறாக ஏறியது.

இந்த அமளி எல்லாம் நடந்து முடிந்த பிறகு, 2002-ல், ஹாலந்து நாட்டைச் சேர்ந்த எடோ போமன் என்ற இசைத்தட்டுப் பிரியர் டெல்லியில் ஒரு கடையில் பழைய தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சரண்ஜித் சிங்கின் தட்டு அகப்பட்டது. போட்டுக் கேட்டார். தூக்கிவாரிப் போட்டது!

ஆசிட் ஹவுஸ் அல்லவா இது? ஆனால் தட்டில் இருக்கும் ஆண்டு 1982. சிக்காகோவுக்கு 5 ஆண்டு முன்பே பம்பாயில் இது எப்படி?

பம்பாயில் சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்தார் போமன். 2010-ல் "பாம்பே கனெக்ஷன்" என்ற தம் வெளியீட்டில் அந்தத் தட்டை மறுபடி கொண்டுவந்தார். ஐரோப்பாவில் பரபரப்பு உண்டாகிவிட்டது. "இது புரட்டு! யாரோ இந்தக் காலத்து ஆசாமி செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறான்" என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. மனிதர் உயிரோடு, அந்தப் பழைய பெட்டிகளோடு ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்த பிறகுதான் அந்த வாய்கள் மூடின.

அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்! பேரப்பிள்ளை வயது வாலிபர்கள் கீழே ஆட, மேலே அவர் அமைதியாக நின்று இந்தோளம் வாசித்தார். 2015 ஜூலையில் பம்பாயில் காலமானார்.

யார் முதல்?

"அப்படியானால் ஆசிட் ஹவுசைக் கண்டுபிடித்தவர் இந்தியர்தான்!" என்று மார்தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பெருமை பேச்சில் சற்று நிதானம் தேவை.

சிக்காகோ வாலிபர்கள் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கேட்டதில்லை. கேட்க வழியே இல்லை. அவர் ஒரு வழியில் போனார். அவர்கள் வேறு வழியில் வந்தார்கள். ஒரே பெட்டி இருவர் கையிலும் அகப்பட்டது. ஒரே மாதிரி சத்தம் பிறந்தது. அவர் அதில் ராகத்தைத் தேடினார். அவர்கள் ஆட்டத்தைத் தேடினார்கள்.

ஆகவே, தாமாக ஒன்றைக் கண்டுபிடித்த சிக்காகோ பிள்ளைகளின் பெருமையைப் பிடுங்கி இவருக்கு மாட்டத் தேவை இல்லை. இவர் பெருமை இவருக்குப் போதும். 2010-க்குப் பிறகு மின்சார சங்கீதத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பம்பாய்க்கு ஓர் இடம் விட்டு எழுத வேண்டியிருக்கிறது. நம் ராகத்தைப் பெட்டியில் வைக்கத் துணியும் இளைஞர்களுக்கு இவர் தட்டுதான் தைரியம்.

உறுத்தும் விஷயம் வேறு. இந்தத் தட்டு 28 ஆண்டுகள் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து உலகத்துக்குக் காட்ட ஹாலந்திலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. பம்பாயில் ஆள் இல்லையா? டெல்லியில் காது இல்லையா?

மணலியில் வந்த பிடில்

"அந்நியப் பெட்டியில் நம் சங்கீதமா?" என்று கேட்பவர்களை, டோல்கேட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போக வேண்டும். மணலிக்கு!

இன்று மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும்தான் நினைவுக்கு வரும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் மணலி என்றால் சங்கீதம்! மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் ராமசாமி தீட்சிதரை ஆதரித்தார். தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கு வந்து தங்கினார். அவருடைய மூத்த பிள்ளைதான் முத்துசாமி தீட்சிதர்!

முதலியார் குடும்பத்துக்குக் கோட்டையில் வெள்ளைக்காரர்களோடு பழக்கம் இருந்தது. தீட்சிதர் பிள்ளைகள் கோட்டையில் ஐரோப்பிய பாண்டு வாத்தியம் கேட்டார்கள். காதைப் பொத்திக்கொண்டார்களா? இல்லை! முத்துசாமி தீட்சிதர் அந்த வெள்ளைக்கார மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு சுரங்கள் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அவைதான். இங்கிலாந்தின் ராஜகீத மெட்டும் அதில் ஒன்று.

தம்பி பாலுசாமி தீட்சிதர் இன்னும் ஒரு படி மேலே போனார். பாண்டில் வாசித்த பிடில் மேல் ஆசை வைத்தார். முதலியார் வீட்டார் ஒரு ஐரோப்பியரை அமர்த்தி அவருக்குப் பிடில் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். கற்றுக்கொண்டு, அதில் நம் ராகங்களை வாசித்துப் பழகினார். பின்னால் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாகவும் ஆனார். தஞ்சை வடிவேலுவும் பிடிலைக் கையில் எடுத்தவர். இவர்கள் போட்ட பாதையில்தான் இன்று பிடில் இல்லாமல் ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரி நடப்பதில்லை.

அந்த மணலி வீட்டில் அன்று யாராவது ஒரு தாத்தா, "தோளில் வைத்து இழுக்கும் பெட்டியில் சங்கீதமாடா?" என்று கேட்டிருக்க மாட்டாரா? கட்டாயம் கேட்டிருப்பார்!

எல்லா வாத்தியத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆர்மோனியத்தைப் பாருங்கள். 1940-ல் அகில இந்திய ரேடியோ அதை உள்ளே வரக்கூடாது என்று தள்ளிவைத்தது. கமகம் வராது, அந்நிய வாத்தியம் என்று காரணம் சொன்னார்கள். 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஆனால் அதே காலத்தில் நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் கல்யாண வீட்டிலும் ஆர்மோனியம் ஜாம்ஜாமென்று பாடிக்கொண்டிருந்தது. ரேடியோவுக்கு நஷ்டமே தவிர, ஆர்மோனியத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சிந்தசைசருக்கும் தமிழ்நாட்டில் இது நடந்து முடிந்த கதைதான். கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக்கூடம் கட்டிக்கொண்டு கீபோர்டும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருந்த ஏ.ஆர்.ரகுமான், 1992-ல் முதல் படமான "ரோஜா"வுக்குத் தேசிய விருது வாங்கினார். "யந்திரச் சத்தம்" என்று அன்று முணுமுணுத்தவர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் இன்று அந்தப் பாட்டுகள்தான்.

புல்லட் சத்தம்

வட சென்னைக்கு மின்சார சங்கீதம் வெளியூர்ச் சரக்கு என்று நினைப்பது தப்பு. இந்தச் சங்கீதம் உலகத்தில் எங்கே பிறந்தது என்று பாருங்கள்.

டெக்னோ என்ற வகை அமெரிக்காவில் டிட்ராயிட் நகரில் பிறந்தது. டிட்ராயிட் எந்த ஊர்? மோட்டார் தொழிற்சாலைகளின் ஊர்! போர்டு கம்பெனியின் ஊர்! ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பு இன நண்பர்கள், 1980-களில், பெட்டிகளை வைத்து அந்தச் சங்கீதத்தை உண்டாக்கினார்கள். அவர்களுக்கு முன்னோடியான "கிராப்ட்வெர்க்" குழு, ஜெர்மனியில் டூசல்டார்ப் நகரத்துக் குழு. அதுவும் நிலக்கரியும் இரும்புமான ரூர் பிரதேசத்தின் பக்கத்தில் இருக்கும் ஊர்தான்.

யந்திரத்தோடு வாழ்கிற ஜனங்களுக்கு யந்திரத்தின் தாளம் அன்னியமாகத் தெரிவதில்லை.

எண்ணூரில் 1948-ல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆயிற்று. 1950-களில் திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை வந்தது. நாடு முழுவதும் கேட்ட அந்த "டப்... டப்... டப்... டப்..." என்ற புல்லட் மோட்டார் சைக்கிள் சத்தம், திருவொற்றியூரில் பிறந்த சத்தம்! அதைவிட நல்ல டெக்னோ தாளம் எந்தப் பெட்டியில் உண்டு?

இந்த மண்ணில் சங்கீதத்துக்கும் குறைவில்லை. திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவர் சீடர் வீணை குப்பையர் வாழ்ந்த ஊர் அது. மறுபுறம் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாடும் கானா. 2006-ல் "சித்திரம் பேசுதடி" படத்தில் கானா உலகநாதன் பாடிய பாட்டு மயிலாப்பூர் வரைக்கும் போயிற்று. 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்துக்கே வந்து, அதன் சீரழிவைப் பற்றி ராகமாலிகையில் புறம்போக்குப் பாட்டுப் பாடினார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" முதல் கச்சேரி செய்தபோது, கானாவும் பறையும் கிடாரும் ஒரே மேடையில் நின்றன.

யந்திரமும் இருக்கிறது, ராகமும் இருக்கிறது, கானாவும் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் இவற்றைச் சேர்த்து ஒரு முதல் ஆல்பம் செய்தால், அதை யார் கேட்பார்கள்? அதற்கும் 28 ஆண்டு கழித்து ஹாலந்திலிருந்துதான் ஆள் வரவேண்டுமா?

தாத்தா சொல்வதிலும் நியாயம் உண்டு

பிள்ளைகள் எது செய்தாலும் சரி என்று சொல்லிவிட முடியாது.

கம்ப்யூட்டரில் உண்டாக்கும் டும் டும்களில் பாதிக்கு மேல் குப்பை. விற்பனைக்குக் கிடைக்கும் தாளத் துணுக்குகளை வாங்கி ஒட்டுப்போட்டுவிட்டு, "நானும் இசை அமைப்பாளர்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சரண்ஜித் சிங் பெட்டியை வாங்குவதற்கு முன்னால் எத்தனையோ ஆண்டுகள் வாத்தியம் வாசித்தவர். பெட்டி அவருக்குச் சங்கீதம் சொல்லித் தரவில்லை. அவர்தான் பெட்டிக்குச் சொல்லித் தந்தார். இதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, சத்தம். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருப்பாள். ராத்திரி ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிற தொழிலாளி இருப்பார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு விதி சொல்கிறது. அந்த விதி, பெரிய மனிதர் வீட்டு விசேஷத்துக்கும் உண்டு, வாலிபர் பாட்டுக்கும் உண்டு. ஆனால் போலீஸ் சைக்கிள் முதலில் நிற்பது எந்த வாசலில் என்பது டோல்கேட்காரர்களுக்குத் தெரியும்.

ஓர் அறை போதும்

பாலுசாமி தீட்சிதருக்குப் பிடில் வாசிக்கக் கை இருந்தது. ஆனால் ஆசிரியரை அமர்த்திக் கொடுக்க மணலி முதலியார் வேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த முதலியார் எங்கே?

சபாக்கள் பெரும்பாலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றன. அரசினர் இசைக் கல்லூரி அடையாற்றங்கரைப் பக்கம். சினிமா ஒலிப்பதிவுக்கூடங்கள் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம். டோல்கேட்டிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போய் வர வேண்டுமானால் அரை நாள் போய்விடும். போனாலும் மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும்.

மாநகராட்சி இந்தப் பக்கம் ஓர் அறை கட்டிக் கொடுத்தால் என்ன? சத்தம் வெளியே போகாதபடி சுவரில் பஞ்சு அடித்த ஒரே ஓர் அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு நல்ல ஸ்பீக்கர், நான்கு ஹெட்போன், ஒரு மைக். கானா பாடுகிறவருக்கும் அங்கே இடம் உண்டு, நாதசுரக்காரருக்கும் உண்டு. வாரம் ஒரு நாள் சங்கீதம் தெரிந்தவர் ஒருவர் வந்து இந்தோளத்துக்கும் மோகனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிக் கொடுக்கட்டும். இன்னொரு நாள், ஒலிப்பதிவு தெரிந்தவர் வந்து பெட்டியின் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுக்கட்டும். ஒரு பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் கட்டும் செலவு கூட இதற்கு ஆகாது.

உள்ளூர் தொழிற்சாலைகளும் கை கொடுக்கலாம். ஆண்டுதோறும் சமூக நலனுக்கென்று பெரிய கம்பெனிகள் சட்டப்படி பணம் ஒதுக்குகின்றன. அதில் ஒரு சிறு பங்கு போதும்.

அங்கே உருவாகும் பாட்டுகளில் ஒரு பிரதியை அந்த அறையிலேயே, தேதி போட்டு, பெயர் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். டெல்லிக் கடையில் தூசி படிந்து கிடந்த தட்டு தப்பியது அதிர்ஷ்டம். தப்பாமல் போனவை எத்தனையோ!

இடம் பார்ப்பது கஷ்டம் அல்ல. மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் ராயபுரத்துப் பிள்ளையும் வரலாம், விம்கோ நகர்ப் பிள்ளையும் வரலாம். காலையில் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டிவிடும் ஆபீஸ் வழக்கம் மட்டும் கூடாது. மாலை 4 மணிக்குத் திறந்தால் பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்களுக்குத் தோதாக இருக்கும். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் 6 மணிக்கு மேல் வருவார்கள். இரவு 10 மணிக்குப் பூட்டிவிடலாம்.